தபால்காரர் பதில்கள்: என் பெயருக்கு வந்த கடிதம்

இந்தப் பக்கத்தில் வழக்கமாக வருவதெல்லாம் காணாமல் போன பாஸ்புக், நாமினி மாற்றுவது, பழைய கடலூரில் எந்தத் தெருவில் எது இருந்தது போன்ற கேள்விகள்தான். முப்பத்தாறு வருஷம் தபால்காரனாக இருந்தவன் என்ற ஒரே தகுதியில் நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு இதழுக்கு முன்னால் ஒரு பதிலின் கடைசியில், 'எனக்குக் கணையத்தில் புற்றுநோய், நாலாவது ஸ்டேஜ், அதனால்தான் தாமதம், மன்னிக்கவும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். ஆசிரியர் வெட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவர் வெட்டவில்லை. அதற்கு வந்த கடிதங்கள் ஒரு துணிப்பை நிறைய இருக்கின்றன. அதில் பாஸ்புக் கேள்வி ஒன்றுகூட இல்லை. ஆகவே இந்த முறை முழுக்க இதுவே. நான் டாக்டர் இல்லை. மருந்து பற்றி எழுதியிருப்பதை உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. நுரையீரலில் புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது. "சொன்னா அன்னைக்கே படுத்துடுவாரு, வாயைத் திறக்காதே" என்று அண்ணன் சத்தியம் வாங்கியிருக்கிறார். அப்பாவோ நான் போகும்போதெல்லாம் "டாக்டர் என்னம்மா சொன்னாரு?" என்கிறார். சளி கட்டியிருக்கிறது என்கிறேன். என் முகத்தையே பார்க்கிறார். நான் என்ன செய்வது?
– வாசகி, நெல்லிக்குப்பம்

அவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார் பாருங்கள் அம்மா, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1981-ல். பண்ருட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆபீஸ். தபாலும் தந்தியும் ஒரே கூரைக்குக் கீழே. தந்தி வந்தால் சைக்கிளை எடுக்க வேண்டியவன் நான்தான். அந்த நாளில் கிராமத்துக்குத் தந்தி வந்தால் அது சாவுச் சேதிதான். நான் தெருமுனை திரும்பும்போதே, எந்த வீட்டுக்கு என்று தெரியாமலே, நாலு வீட்டில் வாசலுக்கு வந்துவிடுவார்கள். தந்தி இங்கிலீஷில் இருக்கும். படித்துச் சொல்வதும் என் வேலை. 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி' என்று வரும். சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது என்று ஊருக்கே தெரியும். வழிப்பயணத்தில் மனசு உடைந்துவிடக் கூடாதே என்று அனுப்புகிறவர் அப்படி எழுதுவார். வாங்குகிறவரும் தெரிந்துகொண்டே "சீரியஸாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவார். உங்கள் வீட்டில் 'சளி' என்று ஓடிக்கொண்டிருப்பதும் அந்தத் தந்திதான். அப்பா அதை எப்போதோ படித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

சேர்ந்த வருஷமே ஒரு தப்பு செய்தேன். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு, "உங்க தம்பி தவறிட்டாராம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். எனக்குப் பயம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், முறத்தைப் பிடித்தபடியே நின்று என்னைப் பார்த்து ஏதோ கேட்கிறார். காற்றில் காதில் விழவில்லை. நான் நிற்கவும் இல்லை. என்ன கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாயங்காலம் போஸ்ட்மாஸ்டர் பிடித்து உலுக்கிவிட்டார். "மொதல்ல எறங்குடா. குடிக்கத் தண்ணி கேளு. அவங்க உள்ள போயி வர்றதுக்குள்ள வூட்ல வேற யாரு இருக்காங்கன்னு பாரு. உக்காரச் சொல்லு. அப்புறம் ஒரே வரியில சொல்லு. சொல்லிட்டு ஓடாதே, அங்கேயே இரு." 2013 ஜூலையில் தந்தியையே மூடிவிட்டார்கள். ஆனால் அவர் சொன்னது எனக்கு இன்னும் காலாவதியாகவில்லை. கெட்ட சேதியை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கு மருத்துவக் கல்லூரிகளில் முறையாகச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். அதை ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். அந்தப் போஸ்ட்மாஸ்டர் சொன்னதில் இருந்து பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

என் கதைக்கு வருகிறேன். நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு வலி. முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். வாயு என்று நினைத்தேன். பிறகு கண் மஞ்சளாச்சு, உடம்பெல்லாம் அரிப்பு. காமாலை என்று இரண்டு வாரம் கீழாநெல்லி அரைத்துக் குடித்தேன். அதற்கப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன் எல்லாம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அங்கே டாக்டர் என் மகனை மட்டும் வெளியே கூப்பிட்டார். அவன் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான், சட்டைக் காலரெல்லாம் ஈரம். "பித்தக்குழாயில அடைப்புப்பா, ஒரு குழாய் வச்சா சரியாயிடும்" என்றான். குழாய் வைத்தார்கள், மஞ்சளும் அரிப்பும் போய்விட்டன. ஆனால் வீட்டில் எல்லாரும் என்னிடம் ரொம்ப நல்லவர்களாக ஆகிவிட்டார்கள். கேட்காமலே ஃபேன் போடுகிறார்கள். மருமகள் மீன் குழம்பில் எனக்கென்று தலையை எடுத்து வைக்கிறாள். முப்பத்தாறு வருஷம் வீடு வீடாகப் போனவனுக்கு, வீட்டின் முகத்தைப் பார்த்தே சேதி தெரியாதா?

இருபத்து மூன்றாவது நாள், பீரோ மேலே இருந்த மஞ்சள் பையை இறக்கினேன். அட்ரஸ் படிக்கிற அளவு இங்கிலீஷ் எனக்கு வரும். முதல் வரியில் என் பெயர், வயது, ஆண். கீழே 'கார்சினோமா', இன்னும் கீழே 'மெட்டாஸ்டாசிஸ்', அதாவது பரவிவிட்டது என்று. புற்றுநோய் என்பதற்கு முன்னால் எனக்குத் தோன்றியது வேறு. என் பெயருக்கு வந்த கடிதம். பிரித்துப் படித்து, மடித்து, என் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறார்கள். சர்வீசில் நான் அப்படி ஒன்று செய்திருந்தால் சீட்டு கிழிந்திருக்கும்.

மகனிடம் அப்படியே கேட்டேன்: "ரிஜிஸ்டர் தபால் வந்திருக்காமே, என் கையெழுத்தில்லாம நீ ஏன்டா வாங்கி வச்சிக்கிட்ட?" அவனுக்கு நாற்பத்தொரு வயது. என் மடியில் தலையை வைத்து அழுதான். பாவம், அந்த இருபத்து மூன்று நாளும் என்னிடம் சொல்லாமல் தூக்கிச் சுமந்திருக்கிறான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. வெளியே கூப்பிட்டவர் மேல் கொஞ்சம் இருக்கிறது.

உங்கள் அப்பாவுக்கு வருவோம். முதலில் அண்ணனை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போய், எது நிச்சயம், எது சந்தேகம், இனி என்ன செய்யலாம் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணனுக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள். பிறகு ஒரு காலை நேரம். ராத்திரி வேண்டாம், சொல்லிவிட்டு நீங்கள் தூங்கப் போய்விட்டால் அவர் தனியாகக் கிடப்பார். டிவியை அணையுங்கள். நேராகச் சேதியைப் போடாமல், "அப்பா, டாக்டர் சொன்னதை முழுசா உங்ககிட்ட சொல்லட்டுமா, இல்ல நாங்களே பார்த்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். என் சர்வீசில் ரிஜிஸ்டர் தபாலை வாங்க மறுக்கவும் ஒருவருக்கு உரிமை இருந்தது. வீட்டில் ஆள் இல்லையென்றால் சீட்டு எழுதிப் போட்டுவிட்டு, ஆபீசில் ஏழு நாள் வைத்திருப்போம், தோதுப்படும்போது வந்து வாங்கிக்கொள்வார்கள். அப்பாவும் "நீங்களே பாருங்கம்மா" என்றால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் கேட்பார். "சொல்லு" என்றால், ஒரே வரியில், புற்றுநோய் என்ற வார்த்தையையே சொல்லிச் சொல்லுங்கள். கட்டி, கிருமி, சதை வளர்ச்சி என்றெல்லாம் சுற்ற வேண்டாம். சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தில் உங்களுக்குத்தான் கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன கேட்கிறாரோ அதற்கு மட்டும் பதில். "பொழைச்சுக்குவேனா" என்று கேட்டால், "முழுசா குணமாக்க முடியாதாம்ப்பா, ஆனா வலியில்லாம வச்சிக்க முடியுமாம், நாங்க கூடவே இருப்போம்" என்று சொல்லலாம். அதில் பொய் எதுவும் இல்லை.

எனக்கு வயது ஐம்பத்தாறு. கல்லீரலில் வந்து, முற்றிவிட்டது என்கிறார்கள். டாக்டருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். தை மாதம் மகள் கல்யாணம். அதுவரை மனைவியிடம் மறைத்துவிடலாம் என்றிருக்கிறேன். நீங்கள் உங்கள் மனைவியிடம் எப்படிச் சொன்னீர்கள்?
– வாசகர், சிதம்பரம்

என் வீட்டுக்காரி பின்கட்டில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுன், துறைமுகத்தில் இருந்து காலையில் கூடைக்காரம்மா கொண்டுவந்தது. நான் எதிரே மணையைப் போட்டு உட்கார்ந்து, "எல்லாத்தையும் படிச்சிட்டேன்" என்றேன். நெத்திலியின் தலையைக் கிள்ளி, குடலை இழுத்து, சட்டியில் போடுகிறாள். இன்னொன்று. இன்னொன்று. அப்புறம் தலை நிமிராமலே கேட்டாள்: "ஃபேமிலி பென்ஷன் எவ்வளவுங்க வரும்?"

மற்றவர்களிடம் சொன்னால் இதையெல்லாமா கேட்பாள் என்பார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கடைசியாக வாங்கிய சம்பளத்தில் முப்பது சதவீதம், அதோடு பஞ்சப்படி என்று கணக்குச் சொன்னேன். "அப்ப கேஸ், கரண்டு போக மிச்சம் இருக்குமா?" என்றாள். இருக்கும் என்றேன். அதற்கப்புறம்தான் அழுதாள், மீன் கையோடு. கண்ணைத் துடைக்கவும் முடியாது. நான்தான் முந்தானையை எடுத்துத் துடைத்துவிட்டேன். கல்யாணமாகி நாற்பத்து நாலு வருஷத்தில் நான் அவளுக்குக் கண் துடைத்தது அதுதான் முதல் தடவை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் மறைக்கலாம் என்கிறீர்கள். தைக்கு இன்னும் எத்தனை மாதம்? உடம்பு மறைக்க விடாது தம்பி. வயிறு வீங்கும், கண் மஞ்சளாகும், சாப்பாடு இறங்காது. உங்கள் மனைவி கண்டுபிடிப்பார், கண்டுபிடித்ததை உங்களிடம் மறைப்பார். ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு பூட்டு. எங்கள் வீட்டில் அது ஒன்பது நாள் நடந்தது. நான் படித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாத மாதிரி நான் நடித்தேன். வியாதியைவிட அந்த ஒன்பது நாள்தான் எனக்குக் கஷ்டம்.

மனைவியிடம் இந்த வாரமே சொல்லுங்கள். மகளிடம் நீங்கள் இருவருமாகச் சேர்ந்து சொல்லுங்கள். கல்யாண ஆல்பத்தைப் பிறகு பார்க்கும்போது 'அப்பா சிரிக்கிறாரே, அன்னைக்கே தெரியுமா அவருக்கு?' என்று அந்தப் பெண் யோசிக்கும்படி விடாதீர்கள். முகூர்த்தத் தேதியை டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். கீமோ கொடுப்பதாக இருந்தால், அந்த வாரம் நீங்கள் தெம்பாக நிற்கும்படி நாளை முன்னே பின்னே நகர்த்த முடிகிறதா என்று பார்ப்பார்கள். முடிந்தால் தையை ஐப்பசிக்கு இழுக்க முடியுமா என்று சம்பந்தியிடம் கேளுங்கள். சம்பந்தியிடமும் உண்மையைச் சொல்லித்தான்.

முள்சீத்தாப் பழம், பப்பாளி இலைச் சாறு எல்லாம் சாப்பிட்டுப் பார்த்தீர்களா?
– வாசகர், வடலூர்

பழம் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. கட்டி அப்படியே இருக்கிறது. இதை நம்பி யாரும் டாக்டர் மருந்தை நிறுத்த வேண்டாம்.

என் பேத்திக்கு ஒன்பது வயது. மகளுக்கு, அதாவது அவள் அம்மாவுக்கு, மார்பகப் புற்றுநோய் திரும்பி வந்து பரவியிருக்கிறது. குழந்தையிடம் என்ன சொல்வது? "அம்மா ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம்.
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ஊருக்குப் போன அம்மா தலைமுடி இல்லாமல் திரும்பி வந்தால் அந்தக் குழந்தை என்ன நினைக்கும்?

என் பேத்திக்கு எட்டு. வலி வந்து நான் குனிந்து உட்கார்ந்தால், சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவாள். மூன்று நாள் கழித்து அவள் அம்மாவிடம் சொன்னாளாம்: "நான் தாத்தா வயித்து மேல ஏறி குதிச்சேன்ல, அதுனாலயாம்மா?" அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போய், சுண்டல் வாங்கிக் கொடுத்து, மூன்று விஷயம் சொன்னேன். இதுக்குப் பேரு கேன்சர். நீ குதிச்சதால வரல, யார் செஞ்சும் வரல. என் தட்டுல நீ சாப்பிட்டா ஒட்டிக்காது. "சாமி மாதிரி ஆயிடுவீங்களா?" என்றாள். "செத்துப் போயிடுவேன்டா, எப்பன்னு தெரியல, இன்னைக்கு இல்ல" என்றேன். கொஞ்ச நேரம் அலையைப் பார்த்துவிட்டு, "அந்த மாங்கா வாங்கித் தரீங்களா?" என்று கேட்டாள். குழந்தைகள் துக்கத்தைக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிப்பார்கள், நம்மைப் போல அண்டாவில் கவிழ்ப்பதில்லை.

ஒன்று மட்டும் வேண்டாம். 'தூங்கிடுவாங்க', 'தூரமா போயிடுவாங்க' என்று சொல்லாதீர்கள். பிறகு அந்தக் குழந்தை தூங்கப் பயப்படும், அப்பா வேலைக்குக் கிளம்பினாலும் காலைக் கட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் கிளாஸ் டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சொல்லவேண்டியது உங்கள் மகள்தான், முடிந்தவரை. நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

கணவருக்கு மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது போதை மருந்து, அடிமையாகிவிடுவார், சீக்கிரம் முடித்துவிடும் என்று மாமியார் தொடவிடவில்லை. அவர் ராத்திரியெல்லாம் முனகுகிறார்.
– வாசகி, விருத்தாசலம்

மாமியாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள் அம்மா. நானும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறேன். இதை எழுதும் கையும் புத்தியும் தெளிவாகத்தான் இருக்கின்றன.

புற்றுநோய் வலிக்கு எளிய மாத்திரையில் ஆரம்பித்து, அடங்காவிட்டால் படிப்படியாக மார்ஃபின் வரை போகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வழி சொல்லிவிட்டது. நம் நாட்டில் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் டாக்டர்களே இதை வாங்கி வைக்கப் பயந்தார்கள். 2014-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்காக வருஷக்கணக்கில் அலைந்தவர்களில் கேரளத்து டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் ஒருவர். இப்போதும் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, அதற்கென்று அங்கீகாரம் உள்ள இடத்தில்தான் வாங்க வேண்டும். கையில் கிடைத்திருப்பதே பெரிய விஷயம், அதை அலமாரியில் பூட்டாதீர்கள். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர் போதைக்காரராக ஆவது அபூர்வம். சரியான அளவில் அது ஆளை முடிக்காது.

முக்கியமானது நேரம். தபால் பெட்டியில் 'அடுத்த எடுப்பு' என்று மணி போட்டிருக்கும் இல்லையா? கடிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மணிக்குப் பெட்டியைத் திறந்தாக வேண்டும். அப்படித்தான் இதுவும். எனக்குக் காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்துக்கு மட்டும் இரட்டையாக, நடுவில் எழுந்திருக்க வேண்டாம் என்று. உங்கள் கணவருக்கு டாக்டர் எழுதியது எதுவோ அது. வலி வந்த பிறகு கொடுப்போம் என்று காத்திருந்தால், வலி முந்திக்கொள்ளும். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். குறையாதது மலச்சிக்கல். அதற்கு முதல் நாளில் இருந்தே மருந்து கேட்டு வாங்குங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஆறு நாள் நான் பட்ட பாட்டைப் பத்திரிகையில் எழுத முடியாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் ஆரம்பித்ததில் இருந்து, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு அதில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். எங்கள் தெருவுக்கு வரும் சிஸ்டர் ஸ்கூட்டியை நிறுத்தி, இறங்கி, "தாத்தா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார். யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

எந்தப் பாவமும் அறியாதவன் நான். எனக்கு ஏன் இது?
– வாசகர், பண்ருட்டி

நீங்கள் இருப்பது திருவதிகைக்குப் பக்கத்தில், அதனால் உங்களுக்கு இந்தக் கதை தெரியும். அப்பருக்குச் சூலை நோய் வந்தது, சிவனை விட்டுப் போனதற்குத் தண்டனை என்பார்கள். எனக்கு வயிற்றில் வலி என்று தெரிந்ததும், கெடிலத்தங்கரையில் அந்தக் கதையை எனக்குச் சொல்லாதவர்களே இல்லை. பாவ புண்ணியம் எனக்குத் தெரியாது. என் வார்டில் படுத்திருந்தவர்களில் ஒரு பையனுக்குப் பதினோரு வயது. நான் அந்தக் கதையில் பார்ப்பது வேறு. வலி தாங்க முடியாதபோது அந்த மனுஷன் முதலில் செய்தது என்ன? சமையல்காரரை அக்கா திலகவதியாரிடம் அனுப்பினார், எனக்கு இப்படி இருக்கிறது என்று சொல்லி வர.

எனக்கும் பண்ருட்டியில் ஒரு அக்கா, எழுபத்தாறு வயது. இதய நோயாளி. "அவங்களுக்கு மட்டும் தெரிய வேண்டாம், தாங்க மாட்டாங்க" என்று முடிவு செய்தது யார் தெரியுமா? நான்தான். என் மகன் எனக்குச் செய்ததை, அவனைத் திட்டிய அதே வாயோடு, நான் அக்காவுக்குச் செய்தேன். நாலு மாதம். போனில் "நல்லா இருக்கேன்க்கா" என்பேன். கடைசியில் ரேஷன் கடை வரிசையில் யாரோ சொல்லி அவளுக்குத் தெரிந்தது. ரேஷன் கடையில்!

மறுநாள் பஸ் பிடித்து வந்துவிட்டாள். ஒரு பையில் பலாச்சுளை, கொட்டை நீக்கி, டப்பாவில் அடைத்து. வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். உள்ளே வா என்றால் வரவில்லை. "ஊருக்கெல்லாம் காயிதம் கொண்டு போயி குடுத்தியேடா. எனக்கு ஒரு ஆள் அனுப்பத் தோணலையா?" நான் பதில் சொல்லவில்லை, என்ன சொல்வது. அவள் நெஞ்சு ஒன்றும் நின்றுவிடவில்லை. நெஞ்சுக்குக் கொடுத்த மாத்திரையைத் தண்ணீர் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, என் காலைப் பிடித்துப் பார்த்தாள். வீங்கியிருந்தது. சாயங்காலம் வரை காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். இப்போது வாரத்துக்கு ஒரு தரம் வருகிறாள். அந்த நாலு மாதத்தை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. சுளையை எண்ணித்தான் கொடுக்கிறாள்.

செலவைப் பற்றிச் சொல்லுங்கள்.
– வாசகர், குறிஞ்சிப்பாடி

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லாதவர்கள் கலெக்டர் ஆபீசில் விசாரியுங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் சலுகை உண்டு, சிலீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் முழுக் கட்டணமும் தள்ளுபடி. அதற்கான சான்றிதழ் படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்க வேண்டும். நிலத்தை விற்பதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி: "இந்தச் சிகிச்சையால நாள் கூடுமா, வலி குறையுமா, இல்ல ரெண்டும் இல்லையா?" பதிலைக் கேட்டுவிட்டு, பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள் அல்லது எடுங்கள்.

கடைசி நேரத்தில் வென்டிலேட்டர் எல்லாம் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க முடியுமாமே?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

முடியும். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது, யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரியில் எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்து, போதும். ஒரு நகல் உள்ளாட்சி அலுவலகத்துக்கு. நான் செய்துவிட்டேன். சாட்சிகளில் ஒருவர் என்னோடு வேலை பார்த்த பழைய சார்ட்டர், தபால் பிரித்துக் கொடுப்பவர். கையெழுத்துப் போடும்போது, "முன்னாடியெல்லாம் நீ எங்கிட்ட கையெழுத்து கேட்டா மணியார்டர் வரும்டா" என்றார். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். பீரோ மேலே வேண்டாம்.

பார்க்க வருகிறவர்கள் என்ன பேச வேண்டும்?
– வாசகி, கடலூர் மஞ்சக்குப்பம்

தெருவில் யார் வீட்டில் சண்டை என்று பேசலாம். ஹார்லிக்ஸ் வேண்டாம், பதினாலு பாட்டில் இருக்கிறது.

உங்களுக்குப் பயமாக இல்லையா?
– பெயர் போடாமல் ஒரு போஸ்ட் கார்டு, திருப்பாதிரிப்புலியூர் முத்திரை

பகலில் இல்லை. போன நவம்பரில் பென்ஷனுக்காக ஆயுள் சான்று கொடுக்கப் போனேன், உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருஷா வருஷம் விரல் ரேகை வைக்க வேண்டுமே, அது. விரல் மெலிந்து ரேகை பதியவே இல்லை. மிஷின் மூன்று தடவை 'இல்லை' என்றது. "நான் இருக்கேன்ப்பா" என்று அந்தப் பையனிடம் சொன்னேன். கண்ணைக் காட்டச் சொன்னான், கண் ஒப்புக்கொண்டது. வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பயமெல்லாம் ராத்திரி இரண்டு, மூன்று மணிக்குத்தான். துறைமுகத்தில் இருந்து போட்டுகள் கடலுக்குக் கிளம்பும் இஞ்சின் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் விழிப்பு வந்தால், நான் இல்லாமலே இனி அது நடக்கப் போகிறதே என்று வயிற்றுக்குள் ஒரு குளிர் இறங்கும். சொல்வதற்கு முன்பெல்லாம் பக்கத்தில் அவள் தூங்குவது போலக் கிடப்பாள், நானும் தூங்குவது போலக் கிடப்பேன். இப்போது "முழிச்சிருக்கியா?" என்றால், "ம்" என்கிறாள். எழுந்து டீ போடுவாள். சர்க்கரை வியாதியும் இதோடு சேர்ந்து வந்ததால் எனக்குச் சீனி கிடையாது, ஆனால் மூன்று மணி டீக்கு மட்டும் அரை ஸ்பூன் போடுகிறாள், நான் கவனிக்காதது போல.

பிறகு படுத்துக்கொண்டு பழைய பீட்டை, நான் தபால் கொடுத்துப் போன வழியை, சொல்லுவேன். சன்னதித் தெருவில் வலது கைப் பக்கம் இருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வீடாக. யார் இருந்தார்கள், என்ன தபால் வரும், எந்த வீட்டில் நாய், யார் மோர் கொடுப்பார்கள். அவள் நடுவில் திருத்துவாள், "அந்த வூட்டுல டீச்சரம்மா இல்ல, அதுக்கு அடுத்த வூடு." நேற்று ஐந்தாவது வீட்டில் யார் இருந்தார்கள் என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. மோர் கொடுக்கும் வீடுதான், அது தெரியும். பெயர் வரவில்லை. அந்தப் போஸ்ட் கார்டு எழுதியவர் அந்தத் தெருக்காரர் என்றால், இன்னொரு கார்டு போடுங்கள்.